எலெக்‌ஷன் முடிவும் ஏறாத நாற்காலியும்

(சந்தவாசலில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களைப் பற்றி நான் இன்று பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். தேர்தல் என்றால் யார் ஜெயித்தார், எத்தனை ஓட்டில் ஜெயித்தார், எவ்வளவு செலவழித்தார் என்கின்ற பேச்சுத்தான் டீக்கடை முதல் தறிக்குழி வரையில் நடக்கின்றது. நான் பேசப்போவது அதுவல்ல. ஜெயித்தவர் ஜெயித்த பிறகு எங்கே உட்கார்ந்தார் என்பதைப் பற்றியே பேசப்போகின்றேன். இது என்ன அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் இங்கிலாந்துச் சங்கதி சிலவற்றைச் சொல்லுகின்றேன். ஏனெனில், நமது மேயர், கவுன்சிலர், வார்டு என்பவைகளெல்லாம் அங்கிருந்து கப்பலேறி வந்த சரக்குகளேயாகும். நம் முனிசிபாலிட்டிக்குச் சமானமானதை அங்கு 'பரோ' என்பார்கள். லண்டனில் மாத்திரம் 32 பரோக்கள் உண்டு. 2022-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி அவைகளுக்குத் தேர்தல் நடந்தது. அவைகளில் வெஸ்ட்மின்ஸ்டர் என்பது 1964-ல் அந்தக் கவுன்சிலுக்கு முதல் தேர்தல் நடந்த நாள் முதற்கொண்டு கன்சர்வேடிவ் கட்சியார் கைவிடாமல் வைத்திருந்த கோட்டை. அதில் 54 ஸ்தானங்களில் 31 லேபர் கட்சிக்குப் போயிற்று. வாண்ட்ஸ்வொர்த் என்கின்ற பரோவிலோ 44 வருஷமாக இருந்த ஆட்சி போய், 58-ல் 35 ஸ்தானம் லேபர் கட்சிக்கு வந்தது. தோற்றவர்கள் சாவியைக் கொடுத்தார்கள், ஜெயித்தவர்கள் உட்கார்ந்தார்கள். குப்பை எடுப்பது, வாடகை வீடு கட்டுவது, வரி போடுவது ஆகிய வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். இதற்குமேல் அதில் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. நமக்கு வேண்டிய பாடம் அந்த 'ஒன்றுமில்லை' என்பதில்தான் இருக்கின்றது.

இதைச் சொல்லுவதால் வெள்ளைக்காரன் தாய் வயிற்றிலிருந்தே யோக்கியனாக வந்தான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1835-க்கு முன் அங்கேயும் பல பரோக்களில் ஒரு சில கனவான்களே உட்கார்ந்துகொண்டு, ஒருவர் செத்தால் தங்கள் மகனையோ மருமகனையோ தாங்களே அமர்த்திக்கொண்டு, ஊர்ச் சொத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். பார்லிமெண்ட் விசாரணை வைத்துச் சட்டம் செய்த பிறகுதான் வரி கொடுப்பவர்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலரைத் தெரிந்தெடுப்பது என்று பொதுவாக ஏற்பட்டது. பெண்கள் அந்தக் கவுன்சில்களில் உட்காரலாமென்பது 1907-ல்தான் வந்தது.

1913-ம் வருஷம் லண்டனில் பாட்டர்ஸீ என்னும் பரோவில் ஜான் ஆர்ச்சர் என்பவர் மேயரானார். இவர் தகப்பனார் பார்பேடாஸ் தீவுக் கருப்பு மனிதர், தாயார் ஐரிஷ்காரி, இவர் போட்டோ பிடிக்கும் தொழில் செய்தவர். கவுன்சிலில் 40 பேர் இவருக்கும் 39 பேர் எதிராகவும் ஓட்டுப் போட்டார்கள். இவர் நிறத்தைப் பற்றியும் பிறந்த இடத்தைப் பற்றியும் பத்திரிகைகள் கண்டபடி எழுதின. ஆனாலும் என்ன? ஒரே ஒரு ஓட்டு அதிகம் இருந்தது. அவர் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்த்த 39 பேரும் நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சரித்திரமில்லை. அந்தப் பாட்டர்ஸீ இன்று நான் முன்னே சொன்ன வாண்ட்ஸ்வொர்த்தில்தான் சேர்ந்திருக்கின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேயர் என்கின்ற உத்தியோகம் நமக்குப் புதிதல்ல. 1687-ல் இங்கிலாந்திலிருந்து வந்த சாசனப்படி 1688 செப்டம்பர் 29-ந் தேதி சென்னைப் பட்டணத்துக்கு மேயரும் அவருக்கு அங்கியும் வந்துவிட்டன. ஆனால், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அந்த அங்கியைப் போட எத்தனை வருஷமாயிற்று தெரியுமா? 249 வருஷம். 1937-ல் ஜே. சிவசண்முகம் பிள்ளை அவர்கள் மேயரானார். அதே வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி அந்த ஸ்தானத்துக்கு வர மேலும் 85 வருஷமாயிற்று. 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டு 22-ல் எண்ணிய தேர்தலில், சென்னையின் 200 வார்டுகளில் 153-ல் தி.மு.க. ஜெயித்து, 28 வயதுள்ள தோழியர் ஆர். பிரியா மேயரானார். 21 மாநகராட்சிகளில் 11-க்குப் பெண்களே மேயராக வேண்டுமென்று சட்டத்தில் ஒதுக்கியிருந்தார்கள். அங்கி தந்த ஊரில் 1835-ல் திறந்த கதவு, இங்கே சட்டம் தள்ளித் தள்ளி இப்போதுதான் கொஞ்சம் திறந்திருக்கின்றது.

இது பட்டணத்துக் கதை. நீங்களும் நானும் கிராமத்துக்காரர்கள். 2019 டிசம்பரில் நான்கு நிறத்தில் நான்கு சீட்டு வாங்கிக் குத்தியவர்கள். கிராமத்தில் நடந்தது என்ன?

1992-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 1994-ல் இங்கே ஊராட்சிச் சட்டம் வந்து, 1996-ல் தேர்தல் வைத்தார்கள். சில ஊராட்சித் தலைவர் ஸ்தானங்கள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களிலும் அவ்விதமே ஒதுக்கினார்கள். அங்கே பெரிய ஜாதியார் என்ன செய்தார்கள் என்றால், ஒருவரையும் மனுப் போட விடவில்லை. மீறிப் போட்டால் தங்கள் நிலத்தில் கூலி செய்கின்ற ஒருவரைத் தாங்களே நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். ஓட்டு எண்ணியாயிற்று, சர்ட்டிபிகேட் கொடுத்தாயிற்று, பதவிப் பிரமாணமும் ஆயிற்று. அந்தக் கையோடே ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்று! சர்க்கார் மறுபடியும் தேர்தல் என்றது. மறுபடியும் அதே ராஜிநாமா. இப்படி ஒரு நாளல்ல, ஒரு வருஷமல்ல, பத்து வருஷம் நடந்தது.

நெசவுக்காரத் தோழர்களே! பாவு பிணைத்து, இழை எண்ணிக் கோத்து, தறியில் உட்காருகின்ற சமயத்தில் ஒருவன் வந்து கத்தரியால் பாவை நறுக்கிவிட்டுப் போகின்றான். நீங்கள் மறுபடி பிணைக்கின்றீர்கள். அவன் மறுபடி நறுக்குகின்றான். பத்து வருஷம் இப்படி நடந்தால் அதற்கு நெசவு என்று பெயர் வைப்பீர்களா? ஆனால் சர்க்கார் தஸ்தாவேஜில் இதற்குத் 'தேர்தல் நடந்தது' என்று பெயர்.

ராஜிநாமாச் செய்யாதவர் கதி என்ன? மதுரை ஜில்லா மேலவளவைக் கேளுங்கள். 1996 கடைசியில் அங்கே முருகேசன் என்பவர் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். மிரட்டலுக்குப் பயந்து பதவியை விடவில்லை. 1997 ஜூன் 30-ந் தேதி, கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவரையும் அவருடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை ஏற்பட்டது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் சர்க்கார் முன்கூட்டியே விட்டுவிட்டார்கள். அவர் செய்த குற்றம் என்ன? ஓட்டு வாங்கினார், வாங்கின ஓட்டை நம்பினார். அவ்வளவுதான்.

தேர்தல் முடிவை ரத்துச் செய்யவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். டவர் ஹேம்லெட்ஸ் என்கின்ற லண்டன் பரோவில் 2014-ல் நடந்த மேயர் தேர்தலை 2015 ஏப்ரலில் தேர்தல் கோர்ட்டார் ரத்துச் செய்தார்கள். வழக்குப் போட்டவர்கள் சாதாரண ஓட்டர்கள் நான்கு பேர். ஜெயித்திருந்த லுத்புர் ரகுமான் என்பவர் ஐந்து வருஷம் நிற்கக் கூடாதென்றும் உத்தரவாயிற்று. சொன்ன காரணங்களில் ஒன்று நம் இயக்கத்தார் கவனிக்க வேண்டியது: 101 இமாம்கள் கையெழுத்திட்டு, இவருக்கு ஓட்டுப் போடுவது மதக் கடமை என்கின்ற மாதிரி பத்திரிகையில் கடிதம் வெளியிட்டதை, ஓட்டர் மனதை மதத்தால் கட்டிய குற்றமாகக் கோர்ட்டார் கொண்டார்கள். இது முஸ்லிம்களுக்கென்று செய்த சட்டமல்ல. அயர்லாந்தில் பாதிரிமார்கள் ஓட்டர்களை நரகத்தைக் காட்டி மிரட்டிய காலத்திலேயே இதன்படி தேர்தல்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன. தண்டனைக் காலம் தீர்ந்து 2022-ல் அதே மனிதர் மறுபடியும் நின்று ஜெயித்துவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றேன். பகிரங்கக் கோர்ட், சாட்சி, காரணம் எழுதிய தீர்ப்பு, பிறகு மறுபடியும் ஓட்டு. இது ஒரு வழி. ஆலமரத்தடியில் நாலு பெரிய மனிதர் கனைத்ததும் ராஜிநாமா என்பது இன்னொரு வழி.

நம் ஊரில் ஐநூறு ரூபாயைக் கையில் வைத்துக் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்குகின்றானே, அவனுக்கு எந்தக் கோர்ட் என்ன செய்தது? கடலூர் ஜில்லா நடுக்குப்பத்தில் 2019 டிசம்பரில் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் போனதாகப் பத்திரிகைகளில் பார்த்தோம். கேட்டால் 'ஊர் ஒற்றுமை' என்பார்கள். சந்தையில் மாடு விற்கும்போதும் விற்பவனும் வாங்குபவனும் ஒற்றுமையாகத்தான் இருக்கின்றார்கள். மாட்டைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான் சொன்ன நான்கு ஊர்களிலும் 2006 அக்டோபரில் தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் ராஜிநாமாச் செய்யாமல் நின்றார்கள். அப்போது மதுரைக் கலெக்டராயிருந்த உதயசந்திரன் அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினதும், சர்க்கார் பிடிவாதமாக இருந்ததும் காரணமாகும். நவம்பரில் முதல் மந்திரி கருணாநிதி அவர்கள் அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா நடத்தினார். சந்தோஷம். அதோடு கதை முடிந்ததா?

இல்லை. வழிதான் மாறிற்று. உட்காரவே விடாதிருந்தவர்கள் இப்போது தரையில் உட்காரச் சொல்லுகின்றார்கள். கடலூர் ஜில்லா தெற்குத்திட்டை ஊராட்சியில் மற்ற மெம்பர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான பெண்மணி தரையில் உட்கார்ந்திருந்த போட்டோ 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவி, வழக்காயிற்று. அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில் தலைவரான அம்மையாரைக் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்துக் கலெக்டரே வந்து ஏற்ற வைத்தார். 2022-ல் தீண்டாமை ஒழிப்பு முன்னணியார் 24 ஜில்லாக்களில் 386 ஊராட்சிகளைப் போய்ப் பார்த்ததில், 22 தலைவர்களுக்கு உட்கார நாற்காலியே இல்லை. தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. ஒரு நாற்காலி என்ன விலை, தோழர்களே? பிளாஸ்டிக் நாற்காலி கல்யாண வீட்டில் வாடகைக்கு வருகின்றது!

இதற்குள் ஒரு சூட்சுமமும் உண்டு. ஊராட்சிப் பணத்தைத் தலைவர் ஒருவராக எடுத்துவிட முடியாது. உபதலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு; உபதலைவர் பதவிக்கு இல்லை. ஆகவே, தலைவர் பதவி போயிற்றே என்று வருத்தப்பட்ட பெரிய மனிதர் மெம்பர்களைச் சரிக்கட்டி உபதலைவராகிவிடுகின்றார். பிறகு தலைவர் தெருவிளக்கு மாற்ற வேண்டுமென்றால் கையெழுத்து இல்லை. மோட்டார் ரிப்பேர் என்றால் கையெழுத்து இல்லை. ஆறு மாதத்தில் ஊரார், 'இந்த ஆளைத் தலைவராக வைத்து என்ன பிரயோஜனம்?' என்று பேச ஆரம்பிக்கின்றார்கள். கையைக் கட்டிப்போட்டவனை விட்டுவிட்டுக் கட்டப்பட்டவனை வைகின்றோம்.

'அவர்களுக்குப் படிப்பில்லை, நிர்வாகம் தெரியாது' என்று சிலர் சொல்லுகின்றார்கள். நான் கேட்கின்றேன்: இதற்கு முன் தலைமுறை தலைமுறையாக மணியமும் நாட்டாண்மையும் செய்தவர்களெல்லாம் எந்தக் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கினார்கள்? பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். தலைவராக மனைவி, மேஜைக்குப் பின்னால் புருஷன். 'தலைவர் இருக்கின்றாரா?' என்று கேட்டால் புருஷன் 'நான்தான்' என்கின்றான். நாமும் வணக்கம் போட்டுவிட்டு மனுவைக் கொடுக்கின்றோம். அந்த வணக்கத்தைப் போடுகின்ற கை நம்முடையது. அதற்குச் சர்க்காரைக் குற்றஞ்சொல்ல முடியாது.

2019-ல் நீங்கள் ஓட்டுப் போட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்து, தனி அதிகாரிகள் வந்தார்கள். எந்தத் தேர்தலில் எவர் வந்தாலும் உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகின்றேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு. போங்கள். தாய்மார்களும் போங்கள். வரவு செலவுக் கணக்கைப் பிறகு கேட்கலாம். முதலில் தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கின்றார், கொடிக் கயிற்றை யார் பிடிக்கின்றார்கள், பாக்கிப் பட்ட பில்லில் யாருடைய கையெழுத்து விழவில்லை என்று பாருங்கள். தலைவர் நின்றுகொண்டிருந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். காரணத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். சொன்னதைத் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் ஐந்து பேர் நின்றால் போதும். நாற்காலி எந்த அறையில் பூட்டியிருந்தாலும் கால்மணி நேரத்தில் வந்து சேரும்.