ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், சிப்காட் தொழிற்சாலைகளை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலையில் அந்த ஊர் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். பலருக்கும் ஊரின் பெயரே அந்தச் செய்தியால்தான் தெரியவந்தது. பத்திரமாகப் போய்த் திரும்புவது அந்தப் பக்கத்தில் இனி யாருக்கும் லேசான பேச்சு இல்லை. இன்றைய உரையும் ஒரு பயணத்தைப் பற்றியதுதான். செம்மங்குப்பத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தெற்கே, அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் ஒரு பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வர நினைக்கிறார். அவர் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

முதலில், அங்கே ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம். அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதோடு இன்னும் சில கல்லூரிகள் சேர்ந்து 1929-ல் பல்கலைக்கழகம் ஆயிற்று. அவர் நிறுவிய தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ.வே.சாமிநாதையர் முதல்வராக இருந்தார். பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் மட்டக்களப்பிலிருந்து வந்தவர் விபுலானந்த அடிகள். அங்கே துணைவேந்தராக இருந்த சி.பி.ராமசாமி ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது நூலகம். இவ்வளவு பேர் படித்தும் படிக்கவைத்தும் வளர்த்த இடத்தில், தமிழ் ஆய்வில் இறங்கும் எவருக்கும் ஒருநாள் வேலை வந்தே தீரும்.

ஆனால் நூலகத்தில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள். அண்ணாமலை நகர் என்றதும் அவர்கள் நினைப்பது வேறொருவரை. சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனை.

கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி, சிதம்பரத்திலிருந்து இருபது கிலோமீட்டர்தான். 1892-ல் அங்கே பிறந்த ரங்கநாதன் கணித ஆசிரியராகத் தொடங்கி, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவருக்குத் திக்குவாய். அதை மெல்ல மெல்லத்தான் வென்றார். நூலகத் துறையில் உலகமே இன்றும் பாடமாகப் படிக்கிற அவருடைய ஐந்து விதிகளை முதன்முதலாகப் பொதுமேடையில் அவர் எடுத்துச் சொன்னது லண்டனிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. 1928 டிசம்பரில், மாகாணக் கல்வி மாநாடு நடந்த இதே மீனாட்சி கல்லூரியில்! புத்தகமாக அவை வெளிவந்தது 1931-ல்தான். சிதம்பரம் பக்கத்து நேயர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நடராஜர் கோயிலைச் சொல்கிற அதே பெருமையோடு சொல்லலாம்.

அந்த ஐந்தில் இரண்டாவது விதி, வாசகர் எவராயினும் அவருக்குரிய நூல் அவர் கைக்குக் கிடைத்தாக வேண்டும் என்கிறது. எவராயினும் என்பதை ரங்கநாதன் பேச்சுக்காகச் சொல்லவில்லை. பெண்கள், கிராமத்து மக்கள், பார்வையற்றோர், மருத்துவமனையில் கிடப்போர் என்று ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு நூல் எப்படிப் போய்ச் சேரும் என்று விரிவாக எழுதினார். 1931-லேயே மன்னார்குடியில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் வர முடியாத இடத்துக்கு நூலகம் போயிற்று.

இந்த உரையை வழங்குபவர் பல ஆண்டுகள் நூலகராக இருந்தவர். அவர் பணியாற்றிய ஒரு நூலகத்துக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வாடகை வண்டி பிடித்து வந்தார். முன்னதாகவே தொலைபேசியில் கேட்டிருந்தார். "சாய்தளம் இருக்குங்களா?" "இருக்குங்க ஐயா." உண்மையாகவே இருந்தது. அதன் அடியில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அவற்றை நகர்த்திய பிறகுதான், மேல்முனையில் இருந்த இரும்புக் கிராதிக்குப் பூட்டு போட்டிருப்பது தெரிந்தது. சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. ஊழியர்கள் நாலு பேர் ஓடிவந்து நாற்காலியோடு அவரைத் தூக்கக் குனிந்தார்கள். ஆசிரியர் கையை உயர்த்தித் தடுத்தார். "என்னைத் தூக்க வேண்டாம் தம்பி. அந்தப் புத்தகத்தைத் தூக்கிட்டு வாங்க." வேப்பமர நிழலில் ஒரு மேசையைப் போட்டு, புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாயங்காலம் வரைக்கும் குறிப்பெடுத்தார். போகும்போது நன்றி சொன்னார், குறை எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த நூலகர் முதலில் செய்தது, அளவு நாடாவோடு அந்தச் சாய்தளத்துக்குப் போனதுதான்.

நேயர்களே, இந்தக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். கொத்தனார் மொழியில் சொன்னால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி. நாலு படி ஏறினால் இருபத்துநாலு அடி. அந்த நூலகத்தில் நாலு படிக்கு ஒன்பது அடிச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். பின்னாலிருந்து எவ்வளவு பலமானவர் தள்ளினாலும் அதில் மூச்சு வாங்கும். கைகளால் தானே உருட்டி வருகிறவருக்கு ஏறவே முடியாது. இறங்கும்போதோ நாற்காலி முன்னால் பாயும்.

அதனால் செம்மங்குப்பத்து வாசகர் பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொள்ளும்போது, "வசதி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. வாசலில் எத்தனை படி, சாய்தளம் எத்தனை அடி, கதவின் அகலம் என்ன, வேண்டிய புத்தகம் எந்தத் தளத்தில், மின்தூக்கி அன்றைக்கு ஓடுமா, அதற்கு ஆள் இருப்பாரா என்று துருவிக் கேட்க வேண்டும். பதில் சொல்பவர் எழுந்து போய் அளந்து பார்த்துச் சொல்லட்டும். பழைய நூலகங்களில் அட்டைப் பட்டியல் பெட்டிகள் நிற்பவரின் மார்பளவு உயரத்தில் இருக்கும். மேல் இழுப்பறைகள் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே எழுதி அனுப்பினால், அவர் போவதற்குள் புத்தகத்தைக் கீழ்த்தளத்து மேசையில் எடுத்து வைக்கலாம். வெளியாருக்கு அனுமதிக் கடிதம் வேண்டியிருக்கும், அதையும் அப்போதே கேட்டுவிடலாம். கூட ஒருவர் வருகிறார் என்றால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, பலரும் கேட்கக் கூச்சப்படுவது, கழிப்பறை. சக்கர நாற்காலி உள்ளே நுழைந்து திரும்ப இடம் உண்டா, கைப்பிடி உண்டா? வெளியே கிளம்புகிற நாளில் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். தாகத்தோடு உட்கார்ந்து யார் என்ன படிக்க முடியும்? கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்கப்படும் நூலகரே, நீங்களும் கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பார்வையற்ற நேயர்களுக்கு ஒரு சொல். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 2013-ல் மராக்கேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014 ஜூனில். அதற்கு முன்பே, 2012-ல் நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, அவர்கள் படிக்கும் வடிவத்தில் நூலைப் பிரதி செய்ய வழி பிறந்தது. ஆகவே நூலகத்தில் உரிமையோடு கேட்கலாம். ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்தைப் படமாக மட்டும் எடுத்துக் கொடுத்தால் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. எழுத்துணரி மென்பொருளில் போட்டு, எழுத்தாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய அச்சில் பிழைகள் வரும் என்பதால் ஒருவர் சரிபார்ப்பதும் நல்லது.

நேரம் நெருங்குகிறது, பயணத்தைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மஃப்சல் பேருந்தின் முதல் படி முழங்கால் உயரம், அதனால் பலருக்குக் கார்தான் வசதி. ரயில் என்றால், எந்த நடைமேடையில் வண்டி நிற்கும், நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று 139-ல் விசாரிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். அடைமழையில் கடலூர் மாவட்டம் படும் பாடு உங்களுக்கே தெரியும். ஆனித் திருமஞ்சனம், ஆருத்ரா தரிசன நாட்களில் சிதம்பரம் தேரோடும் வீதிகளில் நடப்பவருக்கே இடமிருக்காது. தை பிறந்ததும், வார நாளில், வெயில் ஏறுமுன் போய்ச் சேர்வது உத்தமம்.

பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் எளிதில் புழங்க வழி செய்வது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதற்குக் கட்டாய விதிகளை வகுக்கச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த விதிகள் கட்டடங்களில் தெரிய நாளாகலாம். அதுவரை இந்த உரையைக் கேட்கும் நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் நூலகச் சாய்தளத்தை ஒரு தடவை அளந்து பாருங்கள். அதன் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். செம்மங்குப்பத்திலிருந்து தை மாதத்தில் ஒரு வண்டி கிளம்பும் என்று நம்பலாம்.