வாயே முதற் பள்ளி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஆயினும் குழந்தையுள்ள ஒவ்வோர் இல்லத்திலும் நாள்தோறும் நிகழ்வது அது. தவழும் குழந்தையின் கையில் எது அகப்பட்டாலும் அடுத்த நொடியே அது வாய்க்குள் போய்விடுகிறது. "கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறதே!" என்று வீட்டார் அலுத்துக்கொள்கின்றனர்; கையைத் தட்டிவிடுகின்றனர். குழந்தையோ விட்ட பொருளை மீண்டும் எடுக்கிறது, மீண்டும் சுவைக்கிறது. இது கெட்ட பழக்கமா? பசியா? வேறு காரணம் ஏதேனும் உண்டா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் பெரும்பகுதி குண்டாறு மணலாகவே கிடக்கும். இறைவனைப் பூமிநாதர் என்று மண்ணின் பெயராலேயே வழங்கும் ஊர் திருச்சுழி. அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் தவழும் குழந்தைக்கு எவையெல்லாம் எட்டும்? கரிசல் மண்கட்டி, பருத்திக்கொட்டை, புளியங்கொட்டை, வேலிக்கருவைக் கரித்துண்டு, நெசவாளர் இல்லமாயின் சாயம் ஏறிய நூல். நமக்கு இவை வெறும் குப்பை. இவற்றின் பெயரும் பயனும் அறியாத குழந்தைக்கோ ஒவ்வொன்றும் புதிய பாடம். ஒன்று கரைகிறது, ஒன்று கரைவதில்லை. ஒன்று வழவழப்பு, ஒன்று சொரசொரப்பு. ஒன்று குளிர்ச்சி, ஒன்று வெயிலில் கிடந்து சுடுகிறது. இவ்வேற்றுமைகளைக் குழந்தை வாயினால் கற்கிறது.

கண் இருக்க வாய் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தொலைவுக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. விரல்களும் சொன்னபடி கேட்பதில்லை. வாய் மட்டும் தாயின் வயிற்றிலேயே தொழில் பழகிவிட்டது. கருவிலுள்ள சிசு தன் விரலைச் சப்புவதை இன்று மருத்துவர்கள் ஒலியலைப் படத்திலே காண்கின்றனர். மேலும், உதட்டிலும் நாக்கின் நுனியிலும் தொடு உணர்ச்சி நரம்புகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. கனடா நாட்டு மான்ட்ரீல் நகரத்து அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டும் அவருடைய துணைவர் ஒருவரும் மூளையின் உணர்வுப் பகுதிகளை ஆராய்ந்து 1937இல் முடிவுகளை வெளியிட்டனர். முதுகு முழுவதற்கும் மூளையில் சிறிதளவே இடம் உண்டு. உதடும் நாவும் கையும் மிகப் பெரிய இடத்தைப் பெற்றிருக்கின்றன. ஆகவே, குழந்தை தன்னிடமுள்ள கருவிகளில் மிக நுட்பமானதையே எடுத்துப் பயன்படுத்துகிறது.

தமிழ்ப் புலவர்கள் இதைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். உயிர்களை அறிவின் வகையால் வரிசைப்படுத்திய தொல்காப்பியர், உடம்பால் உற்றறிவதை முதலில் வைத்தார். அடுத்த இடத்தை நாவுக்குத் தந்தார். மூக்கும் கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்று 188ஆம் பாட்டிலே, உண்கலத்தில் கையிட்டும் வாயால் கவ்வியும் சோற்றை மேலெல்லாம் சிதறும் குழந்தையைக் காட்டுகிறார். அத்தகைய மக்கள் இல்லாதவருக்கு வாழ்வின் பயனே இல்லை என்கிறார். விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரிலே வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனாகிய குழந்தை தன் காலைப் பிடித்து வாயில் வைத்துச் சுவைப்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடினார். எச்சிலைப் பெரிதும் விலக்கும் நம் சமுதாயத்திலே, குழந்தையின் சிறு கை அளாவிய கூழை அமுதினும் இனியது என்றார் வள்ளுவர்.

புலவர் கண்டு மகிழ்ந்ததை அறிஞர் காரணம் தேடி ஆராய்ந்தனர். ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜீன் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெடுத்து, அவற்றைக் கொண்டு 1936இல் ஒரு நூல் வெளியிட்டார். பாலுக்காக ஏற்பட்ட சப்பும் செயல் மெல்ல மெல்ல விரலுக்கும் துணிக்கும் பொம்மைக்கும் விரிவதை அவர் கண்டார். எடுத்தல், பார்த்தல், சுவைத்தல், திருப்பி மீண்டும் பார்த்தல் என்று புலன்கள் ஒன்றோடொன்று இணையும் இடத்திலேதான் அறிவு முளைவிடுகிறது என்பது அவர் கருத்து.

தமிழ் மாணவருக்கு மிகவும் சுவையான செய்தி ஒன்று உண்டு. 2015இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு மாதக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இரண்டு ஒலிகளைக் கேட்பித்தனர். ஒன்று பல்லைத் தொட்டுப் பிறப்பது, நம் தகரம் போல. மற்றொன்று நாநுனி மேல்வளைந்து பிறப்பது, நம் டகரம் போல. குழந்தைகள் இரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்தனர். பிறகு நாநுனி அசையாதபடி தடுக்கும் ஒரு கடிபொம்மையை வாயில் வைத்தபோது அவர்களுக்கு அவ்வேறுபாடு புலப்படவில்லை! பேசத் தொடங்கும் முன்னரே, காது கேட்பதற்கு நாவின் அசைவும் துணை நிற்கிறது என்பதை இச்சோதனை காட்டுகிறது.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அறிவு நுழையும் அதே வழியாக ஆபத்தும் நுழைகிறது. மலம் கலந்த மண்ணிலே உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கும். பழைய வண்ணப்பூச்சின் சிதிலத்தில் ஈயம் இருக்கலாம். அது சற்றே இனிக்கும். ஆனால் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவும் பழைய பொம்மையும் ஐயத்துக்குரியனவே. நிலக்கடலை, புளியங்கொட்டை, சில்லறைக் காசு ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கும். பொத்தான் போன்ற சிறு மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழல் வெந்துபோகக் கூடும். பருத்திக் காட்டுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது எமனை வீட்டுக்குள் வைப்பதாகும்.

எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்ப்பது முதல் ஆண்டில் மிகுந்திருந்து பின்னர்த் தானே குறையும். இரண்டு வயது கடந்தும் மண்ணையும் சுண்ணாம்புக் காரையையும் தேடித் தேடித் தின்னும் குழந்தையை அடிப்பதால் பயனில்லை. அதற்கு இரும்புச்சத்துக் குறைவும் இரத்தசோகையும் இருக்கக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

தாயும் தந்தையும் காட்டுக்கோ தறிக்கோ சென்றபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்பவர்கள் பல இல்லங்களில் நீங்கள்தாம். ஆகவே உங்களுக்குச் சில சொல்வேன். குழந்தையின் கையைத் தட்டாதீர்கள். அது தவழும் தரையைப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயினுள் முழுவதும் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எட்டலாகாது. தண்ணீர் அரிதான ஊரிலும் ஒரு செம்பு நீரும் சிறிது சோப்பும் போதும், விளையாட்டுப் பொருள்களைக் கழுவ. கழுவியதை உலர்த்த வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. சாயமில்லாத மரக் கரண்டி, கழுவிய சிறு கிண்ணம், கூர்முனையற்ற பனையோலைக் கிலுகிலுப்பை இவற்றை எடுத்துக் கொடுங்கள்.

ஓராண்டு நிரம்பாத குழந்தையின் தொண்டையில் ஏதேனும் அடைத்து, அழவோ இருமவோ இயலாமற் போனால், கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே போகும். தலை தாழ்ந்திருக்கக் குப்புறக் கையில் ஏந்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவே ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். அதற்குள் ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டாலோ வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எழுத்தறியும் முன்னர், பேச்சறியும் முன்னர், குழந்தை சேரும் பள்ளி அதன் வாய். அதற்கு விடுமுறை இல்லை. அதன் கதவை நம்மால் அடைக்கவும் இயலாது, அடைத்தல் நன்றுமன்று. அப்பள்ளிக்குள் நஞ்சும் புழுவும் புகாமல் காப்பதே நம் கடமை. அக்கடமையை இன்று மாலை வீடு சென்றதும் நீங்கள் தொடங்கலாம்.