வேலி அடைக்கு முன்



1990 யூன் 15ஆம் நாள் மயிலிட்டியை விட்டு ஓடியபோது நம்மிற் பலருக்கு இருபது வயது. 2017 யூலை 3ஆம் நாள் துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட, நரைத்த தலையோடு வந்தோம். வீடில்லை, வேலியில்லை, எங்கும் பற்றை. கிணற்றைக் கண்டுதான் பலர் தம் காணியை அறிந்தனர். ஒரு சாண் நிலத்துக்காகக் கோடேறி, பூசையிலும் முகம் பாராதிருந்த குடும்பங்கள் இவ்வூரில் இருந்தன. வழக்கும் போயிற்று, சாட்சிகளும் போயினர். அந்தக் கதியாலைக் கறையான் தின்றது.

இப்போது மறுபடி வேலி அடைக்கிறோம். பக்கத்துக் காணிக்காரர் கனடாவிலோ தமிழகத்து முகாமிலோ இருக்கிறார். உறுதியோடு அவரோ, அவர் பிள்ளைகளோ வந்து நிற்குமட்டும் அந்தப் பக்கத்துக் கதியாலை நடாதிருப்போம்.