மார்க்கெட்டு ஆராய்ச்சியும் நமது சங்கமும்

(கூட்டுறவு விற்பனைச் சங்கத்து மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மார்க்கெட்டு ஆராய்ச்சி என்பதாகும். பெயரைக் கேட்டவுடன், இது ஆலை முதலாளிகளுக்கும் பட்டணத்து வியாபாரிகளுக்கும் உரிய வித்தையென்றும், ஏர் பிடிக்கும் நமக்கு இதில் வேலையில்லையென்றும் உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று. விதைக்குமுன் மண்ணைப் பார்க்கிறோம், மழையைப் பார்க்கிறோம், மாடு பிடிக்கப்போனால் பல்லையும் சுழியையும் பார்க்கிறோம். ஆனால், விளையும் சரக்கை வாங்குகிறவர் யார், எவ்வளவு வாங்குவார், எந்த மாதத்தில் வாங்குவார் என்பதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்கே மார்க்கெட்டு ஆராய்ச்சி என்று பெயர்.

இதைப் பாராததால் விளையும் தீங்குக்கு மஞ்சளையே உதாரணமாகக் கூறுகிறேன். 2010ஆம் ஆண்டில் ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் விலை குவிண்டால் ஒன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேலே சென்றது. அதைக் கண்டவர்கள் அடுத்த பட்டத்தில் வேறு பயிரைக் குறைத்து மஞ்சளை நட்டார்கள். விதைக்கிழங்கின் விலையும் உயர்ந்தது. கடன் வாங்கியும் நட்டவர் உண்டு. மஞ்சளோ வைகாசி ஆனியில் நட்டால் தை மாசியில்தான் வெட்டுக்கு வரும் பயிர். அறுவடையாகி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, மூட்டை பிடித்து வந்தபோது எல்லோருடைய சரக்கும் ஒருங்கே வந்து குவிந்தது. 2012ஆம் ஆண்டில் விலை 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. உழைப்பிலும் குறைவில்லை, விளைச்சலிலும் குறைவில்லை. ஆயினும் குடியானவன் கடனாளியானான்.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். சென்ற ஆண்டின் விலையைப் பார்த்து இவ்வாண்டு நடுகிறோம். விலை உயர்ந்தால் எல்லோரும் நடுகிறார்கள். வரத்து மிகுந்து விலை விழுகிறது. விழுந்தவுடன் எல்லோரும் கைவிடுகிறார்கள். வரத்துக் குறைந்து மீண்டும் விலை ஏறுகிறது. இச்சுழற்சிக்கு 1934ஆம் ஆண்டில் நிக்கலஸ் கால்டார் என்ற பொருளாதார அறிஞர் 'சிலந்திவலை' என்று பெயரிட்டார். பொருத்தமான பெயரே, அவ்வலையில் அகப்படுகிறவன் குடியானவன். மஞ்சளில் மற்றொரு சங்கதியும் உண்டு. அது எளிதில் கெடாத சரக்கு. விலை ஏறுமென்று கிடங்கில் அடுக்கி வைத்த பழைய மூட்டைகள் புதுச் சரக்குடன் சேர்ந்து வெளிவரும். ஆகையால் அவ்வாண்டு விளைச்சலை மாத்திரம் கணக்கிட்டால் போதாது. பழைய இருப்பையும் கூட்டவேண்டும். நிஜாமாபாத்திலும் சாங்லியிலும் எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்பதையும் விசாரிக்கவேண்டும்.

இனி, மற்றத் தொழில்களில் இவ்வாராய்ச்சியை எவ்வாறு உபயோகிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, பால். குஜராத்தில் கைரா ஜில்லாவின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு யூனியன் 1946ஆம் ஆண்டில் ஆனந்த் என்ற ஊரில் பதிவாயிற்று. பம்பாய்க்குப் பால் அனுப்புவதே அதன் வேலை. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறந்தன. பம்பாயில் குடிப்பவர் தொகையோ அதற்கேற்பப் பெருகவில்லை. மிஞ்சிய பாலை என்செய்வது? பாலாக விற்க முடியாத மாதத்தில் வெண்ணெயாகவும் பால்தூளாகவும் மாற்றினால், பிற மாதங்களில் விற்கலாமென்று கண்டார்கள். எருமைப்பாலைத் தூளாக்க முடியாதென்று அக்காலத்தில் நிபுணர் பலர் கூறினர். அச்சங்கத்தில் பணிபுரிந்த தலாயா என்பவர் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. எந்த மாதத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கு கையிலிருந்ததாலன்றோ அத்தொழிற்சாலைக்கு அவசியம் ஏற்பட்டது!

இரண்டாவது, ஆலைச் சாமான்கள். அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டில் கர்டிஸ் என்னும் பதிப்பகத்தார் பார்லின் என்ற பள்ளிக்கூட ஆசிரியரை இவ்வாராய்ச்சிக்கென்றே நியமித்தார்கள். அவர் முதன்முதலில் ஆராய்ந்தது விவசாயக் கருவிகளின் வியாபாரம் என்பது நமக்குச் சுவையான செய்தி. பின்னர், 1923ஆம் ஆண்டில் சிகாகோவில் தோன்றிய நீல்சன் கம்பெனியார், கடைகளில் இருப்பை எண்ணி விற்பனையை அறியும் முறையைப் பரவச் செய்தார்கள். முறை மிக எளிது. மாத ஆரம்ப இருப்புடன் கொள்முதலைக் கூட்டி, மாத முடிவின் இருப்பைக் கழித்தால் உண்மையான விற்பனை தெரியும். நமது சங்கப் பண்டகசாலையில் ஆரம்ப இருப்பு 40 மூட்டை, கொள்முதல் 100 மூட்டை, முடிவில் இருப்பு 65 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றது 75 மூட்டையே. 100 மூட்டை வாங்கினோமென்று மகிழ்ந்து அடுத்த மாதமும் 100 வாங்கினால், சங்கத்தின் பணம் கிடங்கில் முடங்கும்.

மூன்றாவது, கைத்தறி. 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சங்கத்தை நீங்கள் அறிவீர்கள். தீபாவளிக்கு விற்கவேண்டிய சேலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே பாவு ஓட்டவேண்டும். சென்ற ஆண்டில் எந்த நிறம், எந்தக் கரை, எந்த விலையில் முதலில் தீர்ந்தது என்பதை அறியாத நெசவாளன், தன் விருப்பப்படி நெய்து, தள்ளுபடிக்கு விற்பான்.

மூன்று தொழில்களுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: சரக்குச் செய்தபின் கிராக்கியைத் தேடுவதைவிட, கிராக்கியை அறிந்து சரக்குச் செய்வது மேல்.

நமது சங்கம் செய்யத்தக்கவை யாவை? அதிகச் செலவு வேண்டுவதில்லை.

1. ஒவ்வோர் ஏல நாளிலும் வரத்து இவ்வளவு, விலை இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவருக. விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கவேண்டும்.

2. நடவு முடிந்தவுடன், எவர் எந்தப் பயிரை எத்தனை ஏக்கர் வைத்தார் என்பதை அங்கத்தினர்கள் ஒளியாது சொல்லவேண்டும்.

3. விலையை மட்டும் ஒப்பிடாமல், கைக்கு வருவதை ஒப்பிடுக. அருகிலுள்ள ஊரில் குவிண்டால் 8,000 ரூபாய், தூரத்தில் 8,300 ரூபாய் என்போம். வண்டிச் சத்தம், கூலி, சாக்கு இவற்றுக்கு அருகில் 100 ரூபாயும் தூரத்தில் 450 ரூபாயும் செல்லுமானால், அருகில் 7,900 கிடைக்கும், தூரத்தில் 7,850தான்.

4. சரக்கை இருப்பு வைக்குமுன் காரணம் கேளுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் கிடைக்குமாயினும், அதற்கு வட்டியுண்டு. வட்டியையும் எடைக் குறைவையும் விட விலை ஏறினாலன்றி லாபமில்லை.

ஒன்று எச்சரிக்கிறேன். இவ்வாராய்ச்சி ஜோசியமன்று. மழை தவறலாம்; அயல்நாட்டு ஏற்றுமதி நிற்கலாம். கணக்கு நம்மைத் தவறே செய்யாதவர்களாக ஆக்காது. ஒரே தவற்றை எல்லோரும் ஒரே சமயத்தில் செய்யாதபடி காக்கும்.

தனி மனிதன் ஒருவன் பத்து மார்க்கெட்டுகளுக்குப் போய்வர இயலாது. பெரிய வியாபாரி பணத்தால் செய்வதை நாம் ஒற்றுமையால் செய்யலாம். நூறு அங்கத்தினர்கள் ஆளுக்கொரு செய்தி கொணர்ந்தால் சங்கத்தில் நூறு செய்தி சேரும். அடுத்த பட்டத்துக்கு விதைக்கிழங்கு வாங்கப் புறப்படுமுன், சங்கத்துக்கு வந்து அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்கிறேன்.