காலி மனையா ஆஸ்திரேலியா?

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் மெல்பர்னிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அங்கே போய் வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். பள்ளி விழாவோ அலுவலகக் கூட்டமோ, தொடங்கும் முன் ஒருவர் எழுந்து, அந்த மண்ணின் பாரம்பரிய உரிமையாளர்களுக்கு மரியாதை செலுத்துவார். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருப்போம். அதற்குப் பின்னால் பெரிய நில வழக்கே இருக்கிறது.

1788-இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறியபோது, அந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஆனாலும் வந்தவர்களின் சட்டம் அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகவே வைத்துக்கொண்டது. வேலி இல்லை, உழவு இல்லை, பத்திரம் இல்லை. நம் பாஷையில் சொன்னால், காலி மனை. அதனால் ஒப்பந்தமும் இல்லை, இழப்பீடும் இல்லை.

உண்மையில் காலியாகவா இருந்தது? விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கில் பட்ஜ் பிம் என்றொரு எரிமலை. அதன் எரிமலைப் பாறைகளைக் கொண்டே குண்டிட்ஜ்மாரா மக்கள் வாய்க்கால், தடுப்பணை, குளம் எல்லாம் அமைத்தார்கள். விலாங்கு மீனை அதில் திருப்பி, தேக்கி வைத்து, கூடையால் பிடித்தார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வயது குறைந்தது 6,600 ஆண்டுகள். எகிப்தின் பெரிய பிரமிடுக்குச் சுமார் 4,500தான். 2019-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சட்டம் அதற்கு முன்பே திரும்பியிருந்தது. டோரஸ் நீரிணையில் உள்ள மெர் தீவைச் சேர்ந்தவர் எடி மாபோ. ஒரு பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்தவர். வாழையடி வாழையாக வந்த தன் குடும்ப நிலம் சட்டப்படி அரசுடையது என்று அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 1982-இல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம், ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற வாதத்தைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. தனியாருக்கு முழு உரிமையோடு கொடுத்துவிட்ட நிலங்கள் திரும்பவில்லை. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கென ஓர் அமைப்பு வேண்டுமா என்று 2023-இல் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘அவர்களும் கால்வாய் வெட்டினார்கள், அதனால் மதிக்கலாம்’ என்று நாம் முடித்துவிடக் கூடாது. வேட்டையாடி, கிழங்கு தோண்டி, பருவம் பார்த்து இடம் மாறி வாழ்ந்தவர்களுக்கும் அந்த மண் சொந்தம்தான். நம்மைப் போல் வாழ்ந்தால்தான் உரிமை என்பது அந்தப் பழைய சட்டத்தின் நியாயம்.

அடுத்த முறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது, ‘இது யாருடைய நிலம்?’ என்று அவர்களிடம் கேளுங்கள். சிட்னி நகர மையம் காடிகல் மக்களுடையது. மெல்பர்ன் மையம் வுருண்ட்ஜெரி மக்களுடையது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாமும் தெரிந்துகொள்வோம்.