வாணிகப் பாதையும் களியுருண்டையும்

உங்களுள் பலர் பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறியவர்கள். கோபிநத்தத்துத் தமிழர் கதை வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், மாநிலந்தான் மாறியது. கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. பிறகு 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது ஊரும் அதனுடன் போயிற்று. காவிரிக்கு அருகே, காட்டின் நடுவே உள்ள அச்சிற்றூரின் அடுப்புகளில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அன்றும் கேழ்வரகுக் களி, இன்றும் அதுவே.

இதை இப்போது ஏன் சொல்லுகிறேன்? பழைய வாணிகப் பாதைகளின் பெயரால் விருந்து நடத்துவது பெருநகர் விடுதிகளில் இப்பொழுது வழக்கமாகியிருக்கிறது. கேரளச் சுற்றுலாத் துறையும் 2016இல் யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன் கொச்சியில் வாசனைத் திரவியப் பாதையின் பெயரால் ஒரு சமையல் விழா நடத்தியது. நல்ல காரியம். மிளகின் பெருமை சாமானியமானதன்று. எகிப்து நாட்டின் செங்கடல் துறையாகிய பெரெனிகேயில் அகழ்ந்தபோது, கோயில் ஒன்றில் இந்தியச் சாடியொன்று கிடைத்தது. அதனுள் சுமார் 7.5 கிலோ கருமிளகு இருந்தது! பொன்னையும் வெள்ளியையும் போல மிளகையும் நிறுத்து வாங்குகிறார்களே என்று உரோம அறிஞர் பிளினி வியந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் இவ்விருந்துகளில் கப்பல் தலைவனுக்குக் கிடைக்கும் இடம் வண்டிக்காரனுக்குக் கிடைப்பதில்லை. கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர், வழியிலே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினர். அவர்கள் விட்டுப்போன கல்லடுப்பில் வேறொருவர் சமைத்துண்ட செய்தி அகநானூற்றிலேயே உண்டு. அந்தக் கல்லடுப்புக்கு எந்த விடுதி மேசை போடுகிறது?

களிக்கு வருவோம். கேழ்வரகு நம் மண்ணில் தோன்றியதன்று. கிழக்காப்பிரிக்க மேட்டுநிலங்களில் பயிராகி, மிகப் பழங்காலத்திலேயே கடல் கடந்து நம்மிடம் வந்தது. நீர் குறைந்த மேட்டுக்காட்டிலும் விளையும். பல ஆண்டுகள் சேமித்தாலும் எளிதில் பூச்சி அரிக்காது. பஞ்சத்துக்குத் துணை நின்ற தானியம் இது. களியுடன் வரும் குழம்பிலோ மிளகாய் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக் காயாகிய அதைப் போர்த்துகீசியர் கொண்டுவந்தனர். அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. ஆகவே புதிய காய்க்குப் பழைய மிளகின் பெயரையே சூட்டினோம். கன்னடத்திலும் அப்படியே: மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. எல்லைக்கோட்டின் இருபுறத்தாரும் ஒரே வகையாய்ப் பெயரிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இவ்வளவும் கோபிநத்தத்தில் ஒரு தட்டில் அடங்கிவிடுகின்றன. ஆப்பிரிக்கத் தானியம், அமெரிக்கக் காய், நம் கொள்ளு, காவிரி மீன். வாணிகப் பாதை விருந்து என்றால் இதுவல்லவா?

தில்லியிலும் பம்பாயிலும் நம்மவர் சிலர் விருந்தினர் வரும்போது களிப் பானையை மறைத்து வைப்பதைக் கண்டிருக்கிறேன். (நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான்.) ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின், அதே கேழ்வரகு விடுதிகளில் வெள்ளித் தட்டேறியது. நாம் மறைத்ததை அவர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

கோபிநத்தம் சென்றிருந்தபோது, களி கிண்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் இந்த விழாக்களைப் பற்றிக் கூறினேன். துடுப்பை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு உருண்டை என்ன விலைங்க சாமி?" என்றார். சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கையை நீரில் நனைத்து, ஓர் உருண்டை பிடித்து என் தட்டில் வைத்துவிட்டு, "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார்.