ஐம்பது வயது மாணவருக்கு ஆங்கிலம்

(இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் சென்னை வியாபாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஜித்தாவில் ஆறு வருடம் கடையில் நின்றுவிட்டு வந்து, ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்திருப்பவன். ஓர் அரபியருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போய் நான் பட்ட பாட்டைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் ஓமானியர், ஏமனியர், இராக்கியரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2015ல் ஏமனில் போர் மூண்டு, அங்குள்ள மருத்துவமனைகள் பல சீரழிந்தன. நம் நாட்டுக்கு வந்த ஏமன் நோயாளிகளில் ஒருவர் 2018ல் என் கடைக்கு வந்தார். ஹளரமவுத்துக்காரர், தேன் வியாபாரி, வயது ஐம்பதுக்கு மேல். மனைவிக்குச் சர்க்கரை நோய் முற்றி, சிறுநீரகம் கெட்டிருந்தது. மொழிபெயர்க்க வந்தவர் டாக்டர் பேசிய பத்து வார்த்தையை இரண்டாகச் சுருக்கினார். கூலியை மட்டும் சுருக்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடு" என்று என்னிடம் வந்து நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மகனுடைய எல்.கே.ஜி. புத்தகத்தை எடுத்து வைத்தேன்! ஏ ஃபார் ஆப்பிள்! மூட்டை மூட்டையாகத் தேன் விலை பேசிய மனிதர், கடைப் பையன்கள் பார்த்துக் கொண்டிருக்க, ஆப்பிள் ஆப்பிள் என்று சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் புரிந்து கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் குடும்பப் பாடம். "உங்கள் மனைவியின் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, பதில் சொல்லச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. மறுநாள் வரவில்லை, நான்கு நாள் வரவில்லை. அந்த ஊரில் அந்நிய ஆண்கள் முன்னால் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பாட்டிமார்கள் புருஷன் பெயரை வாயால் சொன்னதுண்டா?

அவர் தங்கியிருந்த லாட்ஜுக்கு நானே போனேன். தேநீர் கொடுத்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன், கையைப் பிடித்துக் கொண்டார். பிறகு ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்தபோதுதான், சகோதரர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மனைவியின் சர்க்கரை அளவை மெஷினில் பார்த்துத் தினமும் தம் நாட்டு எண்களில் எழுதி வைத்திருந்தார். அவர்களுடைய ஐந்து, வட்டமாக நம் சைபர் போலவே இருக்கும். அவர்களுடைய சைபர் வெறும் புள்ளி. ஆறு, நம் ஏழு மாதிரி தெரியும். அவர் 250 என்று எழுதியதை நர்ஸ் 20 என்று படித்திருக்கிறார். சர்க்கரை 20 என்றால் நோயாளி மயங்கிக் கிடக்க வேண்டுமே! நல்லவேளை, நர்ஸ் சந்தேகப்பட்டு மறுபடி சோதித்தார். (1, 2, 3 என்பதை உலகம் அரபு எண்கள் என்கிறது, அரபியரோ தங்கள் எண்களை ஹிந்தி எண்கள் என்கிறார்கள். இந்த வேடிக்கையில் ஓர் உயிர் போயிருக்கும்.)

அன்றே புத்தகத்தை மூடினேன். மருந்துச் சீட்டும் மாத்திரை அட்டையும்தான் பாடம். முதலில் எண்கள். பிறகு 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்'. பிறகு 'பெயின்', அதாவது வலி. அரபியில் 'பி' என்ற வல்லோசை இல்லை. 'Bெ' என்று தடித்துத்தான் வரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' எழுத்துத்தான் என்பதால், நான் எழுதிக் காட்டவும் வழியில்லை! கடை ரசீது ஒன்றைக் கிழித்து அவர் உதட்டுக்கு முன் பிடித்தேன். பெயின் என்று சரியாகச் சொன்னால் காற்றுப் பட்டுத் தாள் ஆடும். தவறாகச் சொன்னால் ஆடாது. அவர் லாட்ஜ் கண்ணாடி முன் நின்று தாளை ஆட்டிப் பழகினார்.

அவர் 'ஸ்ட்ரீட்' என்பதை 'இஸ்ட்ரீட்' என்பார். சிரிக்காதீர்கள், நம் ஊரில் 'இஸ்கூல்' இல்லையா? 'மை வைஃப் சிக்' என்று 'இஸ்' இல்லாமல் பேசுவார். அரபியிலும் அந்த இடத்தில் வினைச்சொல் வராது, தமிழிலும் வராது. நான் எந்த இடத்தில் தடுக்கி விழுந்து ஆங்கிலம் கற்றேனோ, அதே இடத்தில்தான் அவரும் விழுந்தார். இதை அவரிடம் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

வாசிப்புதான் கடினம். அரபியில் குறில் ஓசைகளைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். படிப்பவர் ஊகித்துக் கொள்வார். அதே பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லிலும் மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்து ஊகிப்பார். சில நாள் நானும் பொருள் சொல்லாமல் வெறுமனே வாசிக்க வைத்தேன். ஓதத் தெரிந்தும் பொருள் தெரியாமல் வளர்ந்த நமக்கு அந்தத் தவறு எளிதில் வந்துவிடுகிறது. அப்புறம் அவர் சொல்வதையே எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்: தேன், இலந்தை மரம், மலை, மகன்கள். தம் கதை என்பதால் அதை அவர் மறக்கவே இல்லை.

இன்னொன்று. டாக்டர் "புரிகிறதா?" என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பெரிய மனிதரிடம் புரியவில்லை என்று சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு. ஆகவே 'எனக்குப் புரியவில்லை, எழுதிக் கொடுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தையே ஒரு வாரம் பழக்கினேன். சொல்லக் கூச்சப்பட்டார். நான் டாக்டராக உட்கார்ந்து வேகவேகமாகப் பேசுவேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்த வேண்டும். ஒரு நாள் நிஜமாகவே கோபம் வந்து நிறுத்தினார். பாடம் தேறிவிட்டது என்று தெரிந்து கொண்டேன்.

ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தனியாக டாக்டரிடம் போனார். நான் கடை வாசலில் நின்று கொண்டே இருந்தேன். மக்ரிபுக்குச் சற்று முன் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் கைப்பட எழுதியது. மாத்திரை, வேளை, அளவு எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றையும் விரல் வைத்து எனக்குப் படித்துக் காட்டினார். கடைப் பையன்கள் இந்த முறை சிரிக்கவில்லை. ஒருவன் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டான்.